இரண்டாம் துளை பழுதில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம்

பத்துத் துளை சி ஹார்மோனிகாவில் (சி சுருதியில் அமைந்த மவுத் ஆர்கன்) இரண்டாம் துளையை உள்ளிழுத்தால் மட்டும் சத்தம் அமுங்கி, கரகரக்கிறது, கருவியே பழுதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழுதாக இருக்காது. புதிதாகப் பழகுபவர்கள் பலருக்கும் இந்தத் துளைதான் முரண்டு பிடிக்கும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மூன்றாம் துளையை ஊதினால் வருவது ஜி என்ற ஸ்வரம். இரண்டாம் துளையை இழுத்தாலும் அதே ஜிதான் வர வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் கேளுங்கள். இழுக்கும்போது சுருதி கொஞ்சம் இறங்கிக் கேட்டால், உங்களை அறியாமலே ஸ்வரத்தை வளைக்கிறீர்கள் என்று அர்த்தம். நாக்கின் பின்பகுதி மேலெழும்பி, காற்றுப் பாதை குறுகியிருக்கும்.

வேகமாக உறிஞ்சாதீர்கள். தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடும்போது தொண்டை திறப்பதுபோல் திறந்து, வயிற்றிலிருந்து மெதுவாக மூச்சை இழுங்கள். கருவி உதட்டின் ஈரமான உள்பக்கம் படும்படி ஆழமாக இருக்கட்டும். மூக்கு வழியாகக் காற்று போகிறதா என்றும் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தால் உடனே தெரிந்துவிடும். முதலில் ஒன்று, இரண்டு, மூன்று துளைகளைச் சேர்த்து இழுத்து, சத்தம் தாராளமாக வந்ததும் மூச்சை மாற்றாமல் உதட்டை மட்டும் மெல்லக் குவித்து இரண்டுக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

அப்புறம், சரிகமபதநிச பழக நான்காம் துளையிலிருந்து தொடங்குங்கள். அதற்குக் கீழே உள்ள மூன்று துளைகளில் ம, த இரண்டும் நேரடியாகக் கிடைக்காது. நான்கு முதல் ஆறு வரை ஒவ்வொரு துளையிலும் முதலில் ஊதி, பிறகு இழுக்க வேண்டும். ஏழாம் துளையில் மட்டும் வரிசை மாறும்: முதலில் இழுக்க வேண்டும், பிறகு ஊத வேண்டும்.