எட்டு மீசை இருந்தால் நாட்டுக் கெளுத்தியா?

தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "20 சென்டில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறேன். வண்டியில் டிரம் வைத்து மீன்குஞ்சு விற்பவர் ஒருவர் வந்தார். நாட்டுக் கெளுத்திதான், ஆறு மாதத்தில் ஒரு கிலோ வரும், கோழிக்கழிவு போட்டாலே போதும் என்கிறார். எட்டு மீசையையும் எண்ணிக் காட்டினார். குட்டை நிரம்பினால் தண்ணீர் ஊர் ஏரிக்குப் போகும். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்ப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்ட மீன்.

எட்டு மீசை நாட்டுக் கெளுத்திக்கும் உண்டு, ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் உண்டு. அதை எண்ணி ஒரு பயனும் இல்லை. வளர்ந்த மீன் என்றால் பரந்து தட்டையான நீளத் தலையும், உடம்பில் திட்டுத் திட்டான பளிங்கு நிறமும் காட்டிக்கொடுக்கும். விரல் நீளக் குஞ்சில் அதெல்லாம் சரியாகத் தெரியாது. இரண்டையும் கலந்து எடுத்த குஞ்சுகளும் சந்தையில் உண்டு. அதனால் நான் மீனைவிட விற்பவரைத்தான் பார்ப்பேன். நாட்டுக் கெளுத்தி முட்டை குறைவாக இடும், குஞ்சு பொரிப்பகத்தில் எடுப்பது சிரமம், விலையும் அதிகம். டிரம் டிரம்மாக, மலிவாக, ரசீது இல்லாமல் வந்தால் அது நாட்டு இனமாக இருக்க வழியே இல்லை. கோழிக்கழிவு போடுங்கள் என்றும் சொன்னால் ஆப்பிரிக்கக் கெளுத்திதான், சந்தேகமே வேண்டாம்.

'என் குட்டைக்குள்தானே இருக்கும்' என்று தோன்றலாம். இந்த மீனுக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது. மழை இரவில் ஈரத்தரையில் நெளிந்தே அடுத்த நீருக்குப் போய்விடும். உங்களுக்கோ வாய்க்காலே இருக்கிறது. குட்டையிலிருந்து ஏரி, ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிந்தால் ஓடை, அங்கிருந்து சின்னாறு, ஒகேனக்கல்லில் காவிரி. அந்தக் காட்டுப் பகுதியைத்தான் 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். நீர்நாயும் மெல்லோட்டு ஆமையும் வாழும் ஆறு அது. ஆப்பிரிக்கக் கெளுத்தி ஏற்கெனவே காவிரிக்குள் நுழைந்துவிட்டது, நாமும் சேர்த்து அனுப்ப வேண்டாம்.

காவிரியை விடுங்கள், முதல் அடி உங்கள் ஏரிக்குத்தான். நம் மாவட்டத்து ஏரி பலவும் சித்திரை, வைகாசியில் மடைக்குப் பக்கத்தில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிடும். முழங்கால் ஆழம்தான் இருக்கும், சேறு கலங்கிய தண்ணீர். ஏரியில் மிஞ்சிய விரால், கெண்டை, அயிரை, ஆரால் எல்லாம் அதற்குள்தான் ஒண்டிக் கிடக்கும். அடுத்த மழைக்கு ஏரி முழுக்கப் பரவுவது இவற்றின் குஞ்சுதான். விதைநெல் மாதிரி. அந்தக் குட்டைக்குள் நாலு ஆப்பிரிக்கக் கெளுத்தி இருந்தால் என்ன ஆகும்? தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் அவற்றுக்குக் கவலை இல்லை, வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். மற்றதையெல்லாம் விழுங்கும்: மீன், முட்டை, தலைப்பிரட்டை, நத்தை. விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தை நீர்மட்டத்தில் மேய்த்துக்கொண்டு காவல் காப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோ கெளுத்தி கீழிருந்து வாயைத் திறந்தால் அந்தக் காவல் எம்மாத்திரம்! ஜிலேபி மீன் 1952-ல் நாட்டுக்குள் வந்தது, இன்று அது இல்லாத ஏரியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சரி, என்ன வளர்ப்பது? கட்லா, ரோகு, மிர்கால். இவையும் வடக்கத்தி ஆற்று மீன்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏரியில் மற்ற மீனை வேட்டையாடாது. ஏக்கருக்கு 4,000 குஞ்சு என்பது பொதுக்கணக்கு, 20 சென்டுக்கு 800 வரும். கோடையில் தண்ணீர் இறங்கும் குட்டை என்றால் நான் 500-க்கு மேல் போகமாட்டேன். கொஞ்சம் பெரிய குஞ்சாகவே விடுங்கள். கிருஷ்ணகிரி அணையில் மீன்வளத் துறையின் பண்ணை இருக்கிறது, அங்கே கேளுங்கள். எங்கே வாங்கினாலும் ரசீது வாங்குங்கள்.

ஒருவேளை ஆசைப்பட்டு ஏற்கெனவே விட்டிருந்தால், ஏரியில் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். பலர் பாவம் பார்த்துச் செய்யும் தப்பு அது. குட்டையின் வெளிமடையை உடனே அடைத்துவிட்டு, மாவட்ட மீன்வள அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வலை போட்டால் மட்டும் எல்லாம் சிக்காது. தண்ணீரை வயலுக்கு இறைத்து வற்ற வைத்து, சேற்றையும் கிளறிப் பார்க்க வேண்டும். பிடித்ததைக் கொன்று, குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஆவணி, புரட்டாசி மழைக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வாய்க்காலில் ஒரு முறை தண்ணீர் ஓடிவிட்டால் அப்புறம் குட்டையை வற்ற வைத்தும் பயன் இருக்காது.