பாடல்கள் வரிசை மாறுவது ஏன்?

கேள்வி: புதிதாக வாங்கிய சிறிய எம்பி3 பிளேயரில் பாடல்கள் முன்பின்னாக ஒலிக்கின்றன. கணினியில் திறந்து பார்த்தால் பெயர் வரிசைப்படி ஒழுங்காகவே இருக்கின்றன. தமிழில் இட்ட பெயர்களுக்குப் பதிலாகத் திரையில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன. கருவியை மாற்றித் தரும்படி கேட்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், மாற்றி வாங்கும் கருவியும் பெரும்பாலும் இதையேதான் செய்யும். கணினியில் நீங்கள் காணும் அகர வரிசை, ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் கணினி உங்களுக்காக அடுக்கிக் காட்டுவது. பிளேயரின் மெமரியில் கோப்புகள் அந்த வரிசையில் பதிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எளிய வகைப் பிளேயர்கள் பல இந்த அடுக்கும் வேலையைச் செய்யாமல், எந்தக் கோப்பு முதலில் பதிவானதோ அதையே முதலில் எடுத்துக்கொள்கின்றன. நடுவில் ஒரு பாடலை அழித்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தால், அழிந்ததன் இடத்தில் புதியது போய் அமர்ந்துகொள்வதும் உண்டு.

ஆகவே, பாடல்களின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண்ணிட்டு, பிளேயரில் உள்ள பழைய ஃபோல்டரை முழுவதுமாக நீக்கிவிட்டு, எண் வரிசைப்படி மீண்டும் ஏற்றுங்கள். வெறும் 1, 2 என்று எழுதினால் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கக்கூடும் என்பதால், அந்தப் பூஜ்யத்தைச் சோம்பல் பார்க்காமல் சேர்த்துவிடுங்கள். உங்கள் பிளேயர் பாடகர், ஆல்பம் என்று பிரித்துக் காட்டும் வகை என்றால் கோப்பின் பெயரை மாற்றிப் பயனில்லை; அது பார்ப்பது கோப்புக்குள்ளே பதிந்திருக்கும் டேக் என்னும் குறிப்பைத்தான். கணினியில் டேக் திருத்தும் மென்பொருளைக் கொண்டு பாடல் எண்ணை அங்கே நிரப்ப வேண்டும்.

கட்டங்கள் தெரிவதற்குக் காரணம், கருவிக்குள் தமிழ் எழுத்துரு இல்லாமையே. எழுத்துரு இருந்தாலும், கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்கத் தெரியாத கருவிகளில் ‘கொ’ என்பது சிதறித்தான் தெரியும். டேக்கில் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வதே நடைமுறையில் நிலைத்த தீர்வு. தமிழில் பெயரிட விரும்புவோருக்கு இது உறுத்தும் என்பதை அறிவேன், எனக்கும் உறுத்துகிறது.

கேள்வி: 8 ஜிபி மெமரியில் எத்தனை பாடல்கள் அடங்கும்? 128 கேபிபிஎஸ் பாடல்களை 320-க்கு மாற்றினால் ஒலி மேம்படுமா?

பதில்: கேபிபிஎஸ் என்பது ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாடல் என்றால் சுமார் 1,500 அடங்கும். 320 கேபிபிஎஸ் என்றால் 600 அளவில் நிற்கும். 1998-இல் வெளிவந்த ரியோ பிஎம்பி300 பிளேயரில் இருந்தது 32 எம்பி மட்டுமே என்பதால், அரை மணி நேரப் பாட்டோடு அது நிறைந்துவிடும். மாற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள்: சுருக்கும்போது ஒருமுறை நீக்கப்பட்ட ஒலி விவரங்கள் திரும்பி வருவதில்லை; கோப்பு பெருத்து இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். சிடி கையில் இருந்தால் அதிலிருந்து புதிதாகப் பதிவெடுங்கள்.

கேள்வி: பயணத்தில் கேட்கும்போது ஒலியை எந்த அளவில் வைப்பது?

பதில்: உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரத்தையும், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் அளவில் அதே நேரத்தையும் வரம்பாகக் கொள்கிறது. ஒலி 3 டெசிபெல் கூடினால் கேட்கத்தக்க நேரம் பாதியாகிவிடும். எனவே 83 டெசிபெல் என்றால் 20 மணி நேரம்தான். பிளேயரின் திரையோ டெசிபெல் காட்டுவதில்லை. அதில் தெரியும் 15, 20 என்ற எண்கள் கருவிக்குக் கருவி வேறுபடும். அதனால் அமைதியான அறையில் இதமாகக் கேட்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியின் இரைச்சலிலும் அதைத் தாண்டாமல் இருக்கப் பாருங்கள். பாட்டு எடுபடவில்லை என்றால், ஒலியைக் கூட்டுவதை விடக் காதை நன்றாக அடைத்து உட்காரும் இயர்போனுக்கு மாறுவதே சரி.

கேள்வி: பல மாதங்கள் மேசைக்குள் கிடந்த பிளேயர் இப்போது எந்த பட்டனுக்கும் அசையவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் பக்கவாட்டில் உள்ள ‘ஹோல்ட்’ பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பழுது என்று கொண்டுவரப்பட்ட ஒரு பிளேயரில் அந்தப் பூட்டைத் தள்ளியதுமே பாட்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது இல்லையென்றால் ஒரு மணி நேரமாவது சார்ஜில் போட்டுவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பாருங்கள். லித்தியம் பேட்டரியை முழுவதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அது மீளாமலே போகலாம். பயன்படுத்தாத காலத்தில் பாதி அளவு சார்ஜுடன் வெப்பம் படாத இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் செய்யுங்கள்.