வாசகர் கேள்வி-பதில்: இருக்கிற தரவிலிருந்து செயற்கைத் தரவு

இந்த இதழில், புள்ளியியலுக்கான ஆர் நிரல் மொழியில் செயற்கைத் தரவு (நிஜத் தரவின் சாயலில் கணினி உருவாக்கும் தரவு) உருவாக்குவது பற்றி வந்த கேள்விகள் மட்டும். கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். ஆர் மொழிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதால், கணினியில் அடிக்கும்போது கவனம் தேவை.

எம்.எஸ்சி. மாணவி, திருச்சி: ஆர் மொழியோடு வரும் ஐரிஸ் தரவில் 150 பூக்கள்தான் இருக்கின்றன. அதே மாதிரி 1,000 பூக்கள் வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சராசரியும் திட்டவிலக்கமும் (சராசரியைச் சுற்றி மதிப்புகள் சிதறும் அளவு) எடுத்து, இயல்நிலைப் பரவலில், அதாவது மணி வடிவப் பரவலில், எண்களை உருவாக்கும் ‘ஆர்நார்ம்’ கட்டளையில் கொடுத்தேன். சராசரி சரியாகத்தான் வருகிறது. படம் வரைந்தால் நிஜத் தரவின் சாயலே இல்லை. சில அகலங்கள் மைனஸில்கூட வருகின்றன. எங்கே தவறு?

இரண்டு இடங்களில். முதலாவது, மூன்று இனங்களை ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள். எட்கர் ஆண்டர்சன் சேகரித்து, ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் தன் கட்டுரையில் பயன்படுத்திய தரவு இது. செடோசா, வெர்சிகலர், வர்ஜினிகா என்று இனத்துக்கு 50 பூக்கள். செடோசாவின் அல்லி இதழ் நீளம் அதிகபட்சம் 1.9 செ.மீ.; மற்ற இரண்டு இனங்களில் குறைந்தபட்சமே 3.0. நடுவில் ஒரு பூகூடக் கிடையாது. நீங்கள் கொடுத்திருக்கும் சராசரி 3.76, திட்டவிலக்கம் 1.77. அந்த இயல்நிலைப் பரவலில் 100-க்கு 19 பூக்கள் அந்த வெற்றிடத்துக்குள்தான் விழும். அல்லி இதழ் அகலத்துக்குச் சராசரி 1.2, திட்டவிலக்கம் 0.76. கணக்குப் போட்டால் 100-க்கு ஏறத்தாழ 6 மைனஸில் போகும். மைனஸ் அகலம் வந்த கதை இதுதான்.

இரண்டாவது, நெடுவரிசைகளைத் தனித்தனியாக உருவாக்கினீர்கள். நிஜத்தில் அல்லி இதழின் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே கூடிக் குறைவதன் அளவு; உச்சம் 1) 0.96. உங்கள் தரவில் அது பூஜ்யத்தை ஒட்டியிருக்கும்.

‘எம்விஆர்நார்ம்’ எல்லா மாறிகளையும் சேர்த்தே உருவாக்கும். அது ‘மாஸ்’ தொகுப்பில் இருக்கிறது. தொகுப்பின் பெயரில் நான்கு எழுத்தும் பெரியவை. ஆனால் அதையும் 150 பூக்களின் மேல் மொத்தமாகப் போட்டால் பயனில்லை. புல்லி இதழின் நீளத்தையும் அகலத்தையும் பாருங்கள். மொத்தமாக எடுத்தால் ஒட்டுறவு -0.12. இனவாரியாக எடுத்தால் செடோசாவில் 0.74, வெர்சிகலரில் 0.53, வர்ஜினிகாவில் 0.46. குறியே மாறுகிறது! ஆகவே முதலில் இனவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நான்கு எண் நெடுவரிசைகளுக்கு ‘கோல்மீன்ஸ்’ மூலம் சராசரிகளையும் ‘கோவ்’ மூலம் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸையும் (மாறிகள் தனியாகவும் ஜோடியாகவும் எப்படிச் சிதறுகின்றன என்று காட்டும் அட்டவணை) எடுங்கள். இரண்டையும் எம்விஆர்நார்முக்குக் கொடுத்து 334, 333, 333 என்று பூக்களை வாங்கி, இனத்தின் பெயரை ஒட்டி, ‘ஆர்பைண்ட்’ போட்டு அடுக்கிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் செடோசாவின் அல்லி இதழ் அகலம் கொஞ்சம் தொல்லை கொடுக்கும். சராசரி 0.246, திட்டவிலக்கம் 0.105 என்பதால் 100-க்கு ஒன்று மைனஸில் வரும். அதைப் பூஜ்யமாக்கிவிடுவது பலர் செய்கிற காரியம். அப்படிச் செய்தால் பூஜ்யத்தில் ஒரு குவியல் சேரும். மைனஸ் குறியை மட்டும் அழிப்பதும் அதே ரகம்தான். நான்கு நெடுவரிசைகளுக்கும் முதலிலேயே ‘லாக்’ எடுத்து, அந்த மதிப்புகளின் மேல் எம்விஆர்நார்ம் போட்டு, கடைசியில் ‘எக்ஸ்ப்’ மூலம் திருப்புங்கள். மைனஸ் வரவே வழியில்லை. மூலத்தரவு ஒரு தசம இடம் வரைதான் அளந்தது என்பதால் ‘ரவுண்ட்’ போட்டு ஒரு தசமத்துக்குச் சுருக்கவும் மறக்க வேண்டாம்.

எம்விஆர்நார்மில் ‘எம்பிரிக்கல்’ என்றொரு விருப்பம் உண்டு. அதை ‘ட்ரூ’ ஆக்கினால் வெளிவரும் தரவின் சராசரியும் கோவேரியன்ஸும் நீங்கள் கொடுத்ததோடு அச்சு அசலாகப் பொருந்தும். வகுப்பில் காட்டுவதற்கு அருமை. ஆயிரம் முறை திரும்பத் திரும்ப உருவாக்கி ஒரு சோதனையின் நடத்தையைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள். மாதிரிக்கு மாதிரி இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்தையே அது துடைத்துவிடும்.

கல்லூரி ஆசிரியர், மதுரை: எம்விஆர்நார்ம் ‘சிக்மா பாசிட்டிவ் டெஃபினிட் இல்லை’ என்று பிழை காட்டி நிற்கிறது.

சிக்மா என்பது நீங்கள் கொடுத்த கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ்; அதிலுள்ள எண்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்பதுதான் செய்தியின் பொருள். உங்கள் தரவில் விடுபட்ட மதிப்புகள் இருக்க வேண்டும். கோவேரியன்ஸை ‘பேர்வைஸ்’ முறையில் எடுத்திருப்பீர்கள். அந்த முறையில் ஒவ்வொரு ஜோடி மாறிக்கும் வேறு வேறு ஆட்களைக் கொண்டு கணக்கிடப்படுவதால், எல்லாவற்றையும் ஒரே மேட்ரிக்ஸில் வைக்கும்போது ஒன்றோடொன்று ஒத்துவராமல் போகலாம். ஒட்டுறவுகளைக் கட்டுரைகளிலிருந்து பொறுக்கிக் கையால் நிரப்பினாலும் இதே வினைதான். முழு வரிகளை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். வரிகள் போதாவிட்டால் ‘மேட்ரிக்ஸ்’ தொகுப்பிலுள்ள ‘நியர்பிடி’ கட்டளை மிக நெருக்கமான செல்லுபடியாகும் மேட்ரிக்ஸைத் தரும். அது எந்தெந்த எண்ணை எவ்வளவு மாற்றியது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்காவிட்டாலும் ஒன்று: ஆர்நார்ம் திட்டவிலக்கத்தைக் கேட்கும், எம்விஆர்நார்ம் கோவேரியன்ஸைக் கேட்கும். கோவேரியன்ஸுக்குப் பதில் ஒட்டுறவு மேட்ரிக்ஸைக் கொடுத்தால் பிழை எதுவும் வராது. எல்லா மாறிக்கும் திட்டவிலக்கம் 1 என்று வந்து நிற்கும்.

ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்: என் தரவில் மாத வருமானம் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கிறது. கூடவே 1 முதல் 5 வரை மதிப்பிடும் கேள்விகள். இரண்டும் இயல்நிலைப் பரவல் இல்லை. ஒட்டுறவு கெடாமல் எப்படி உருவாக்குவது?

வடிவத்தை ஒரு பக்கமும் உறவை ஒரு பக்கமும் பிரித்துக் கையாள வேண்டும். காப்யுலா என்பது அதுதான்.

ஒவ்வொரு நெடுவரிசையையும் தரவரிசையாக்குங்கள். தரவரிசையிலிருந்து 0.5 கழித்து, மொத்த எண்ணிக்கையால் வகுத்து, ‘க்யூநார்ம்’ போடுங்கள். இப்போது எல்லா மாறியும் இயல்நிலை அளவுக்கு வந்துவிடும். இவற்றின் ஒட்டுறவு மேட்ரிக்ஸை எடுத்து, சராசரி பூஜ்யம் என்று வைத்து எம்விஆர்நார்ம் மூலம் வேண்டிய அளவு வரிகளை உருவாக்குங்கள். வந்ததை ‘பிநார்ம்’ வழியே 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாக்குங்கள். கடைசியாக ‘குவாண்டைல்’ கட்டளையில் மூல நெடுவரிசையையும் இந்த எண்களையும் கொடுத்தால் பழைய அளவிலேயே மதிப்புகள் திரும்பிவரும்.

குவாண்டைலில் ‘டைப்’ என்ன என்பது முக்கியம். எதுவும் சொல்லாவிட்டால் அது 7-ஐ எடுத்துக்கொண்டு இரண்டு மதிப்புகளுக்கு நடுவே இழுத்து நிரப்பும். வருமானத்துக்குச் சரி. மதிப்பீட்டுக் கேள்விக்கு 3.4 என்று விடை வந்தால் என்ன செய்வது? அங்கே டைப் 1 போடுங்கள். மூலத்தில் இருந்த எண்கள் மட்டுமே வரும். 1 முதல் 5 வரையான கேள்விகளில் ஒரே தரவரிசை பலருக்கு விழுவதால் ஒட்டுறவு கொஞ்சம் இளைத்துத்தான் வெளிவரும். முடித்தபின் ஒப்பிட்டு, உள்ளே கொடுக்கும் ஒட்டுறவைச் சற்றே கூட்டி மறுபடி ஓட்டுங்கள். இன்னொரு வரம்பு: மூலத்தரவின் அதிகபட்ச வருமானத்தைத் தாண்டி ஒருவரும் பிறக்கமாட்டார்.

தாண்ட வேண்டுமென்றால் வருமானத்துக்கு மட்டும் லாக்-நார்மல் பரவலைப் பொருத்தலாம். ‘ஆர்எல்நார்ம்’ கேட்பது லாக் எடுத்த பிறகான சராசரியையும் திட்டவிலக்கத்தையும். சராசரி வருமானம் 50,000 என்று அப்படியே கொடுத்தால், எண்ணுக்குப் பதில் ‘முடிவிலி’ என்ற விடைதான் நெடுவரிசை முழுக்க நிற்கும்.

வாசகர், கோவை: முன்னோட்ட ஆய்வில் 40 பேர். அதைப் பூட்ஸ்ட்ராப் செய்து (அதே வரிகளிலிருந்து திரும்பத் திரும்பப் பொறுக்கி) 4,000 ஆக்கினால் முடிவு நம்பகமாகுமா? பி-மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) நன்றாகக் குறைகிறதே?

குறையத்தான் செய்யும், நம்பகமாகாது. எண்ணிக்கை 100 மடங்கானால் திட்டப்பிழை (மாதிரிக்கு மாதிரி சராசரி ஆடும் அளவு) பத்தில் ஒன்றாகும். அந்தக் குறைவு முழுக்கக் கணக்கின் மாயம். உள்ளே இருப்பது அதே 40 பேர்தான். ஆய்வேட்டில் இதைப் போட்டால் தேர்வாளர் கண்டிப்பாகப் பிடிப்பார், பிடிக்கவும் வேண்டும்.

பிராட்லி எஃப்ரான் 1979-இல் முன்வைத்த பூட்ஸ்ட்ராப்பில் ஒவ்வொரு முறையும் 40 வரிகளைத்தான் எடுப்போம், எடுத்ததைத் திரும்பப் போட்டு. அதை 2,000 தடவை செய்து, 2,000 சராசரிகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பதே முறை. அசல் ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் உங்கள் 40 பேர் உதவுவார்கள். 100 பேர், 150 பேர், 200 பேர் என்று ஒவ்வொரு அளவிலும் 1,000 செயற்கைத் தரவுகள் உருவாக்கி, எத்தனை தடவை சோதனை விளைவைப் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். 40 பேரிடம் கண்ட விளைவின் அளவே ஆடக்கூடியது என்பதால், அதைவிடச் சிறிய விளைவுக்கும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பொறியியல் மாணவர், சேலம்: ஆர் மொழியோடு வரும் எம்டிகார்ஸ் என்ற கார் தரவில் எடையை வைத்து மைலேஜுக்கு நேர்கோட்டு மாதிரி போட்டு, ‘பிரெடிக்ட்’ மூலம் புதிய மைலேஜ் உருவாக்கினேன். எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றன.

பிரெடிக்ட் தருவது கோட்டை மட்டும். அந்த 32 கார்களில் கோடு ஏறத்தாழ 37.3 - 5.34 × எடை (எடை ஆயிரம் பவுண்டில்). கார்கள் கோட்டிலிருந்து விலகி நிற்கும் அளவு, அதாவது எச்சத் திட்டப்பிழை, 3.05. அதையும் சேருங்கள்: பிரெடிக்ட் தந்த எண்ணோடு, சராசரி 0, திட்டவிலக்கம் 3.05 உள்ள ஆர்நார்ம் எண்ணைக் கூட்ட வேண்டும். மூலத்தில் இருந்த அதே எடைகளே போதுமென்றால் ‘சிமுலேட்’ கட்டளையிடம் மாதிரியைக் கொடுத்து 200 கேளுங்கள். 32 வரி, 200 நெடுவரிசையாகத் தந்துவிடும். கோட்டின் எண்களே சரியாகத் தெரியாதவை என்பதை இரண்டு வழியும் கணக்கில் எடுப்பதில்லை. அதுவும் வேண்டுமானால் ‘கோயெஃப்’ (கோட்டின் எண்கள்), ‘விகோவ்’ (அவற்றின் கோவேரியன்ஸ்) இரண்டையும் எம்விஆர்நார்முக்குக் கொடுத்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புதிய கோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவத் தரவுப் பணியாளர், சென்னை: நோயாளிகள் பட்டியலை மாணவர்களுக்குப் பயிற்சிக்குக் கொடுக்க வேண்டும். பெயரை நீக்கி, வரிகளைப் பூட்ஸ்ட்ராப் செய்து கொடுத்தால் போதுமா?

போதாது. பூட்ஸ்ட்ராப்பில் ஒவ்வொரு வரியும் ஒரு நிஜ நோயாளியின் நகல். அளவு மாறாமல் எடுத்தால் மூலப்பட்டியலின் 63 சதவீத ஆட்கள் அப்படியே உள்ளே இருப்பார்கள். வயது, ஊர், அரிதான நோய் மூன்றும் சேர்ந்தால் பெயரே தேவையில்லை.

‘சின்த்பாப்’ தொகுப்பை இதற்கென்றே எழுதியிருக்கிறார்கள். முதல் மாறியை மூலத்திலிருந்து எடுத்து, அடுத்தடுத்த ஒவ்வொன்றையும் முன்னே உருவானவற்றை வைத்து முடிவு மரங்கள் (கேள்வி கேள்வியாக ஆட்களைப் பிரித்துக்கொண்டே போகும் முறை) மூலம் உருவாக்கும். ‘சின்’ கட்டளையை ஓட்டுவதற்கு முன் வேலை அதிகம். பெயர், அட்டை எண் போன்றவற்றை எடுத்துவிடுங்கள். ஆண் 1, பெண் 2 என்று குறித்திருந்தால் ஃபாக்டராக (எண் அல்ல, வகை என்று) மாற்றுங்கள். தெரியாத வயதுக்கு 999 என்று போட்டிருந்தால், அது விடுபட்ட மதிப்பு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அதையும் வயதாக நம்பும். ஊர், பின்கோடு மாதிரி ஏகப்பட்ட வகைகள் உள்ள நெடுவரிசைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முன்னால் வைத்தால் ஓட்டம் நகரவே நகராது. ஆண்களுக்குக் கர்ப்பம் கூடாது என்பது போன்ற விதிகளையும் தனியாகக் கொடுக்கலாம்.

ஓடி முடிந்ததும் ‘கம்பேர்’ போட்டு நெடுவரிசை நெடுவரிசையாக மூலத்தோடு ஒப்பிடுங்கள். அதோடு நிறுத்தினால் ஆபத்து. மரம் தரும் மதிப்புகள் மூலத்தில் நிஜமாக இருந்தவையே என்பதால், தற்செயலாக ஒரு தனித்த நோயாளி முழுசாகத் திரும்ப வந்துவிடலாம். அப்படிப்பட்ட வரிகளை ‘எஸ்டிசி’ கட்டளை மூலம் நீக்கிவிட்டுக் கொடுங்கள். கோப்பின் பெயரிலேயே ‘செயற்கை’ என்று எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது அதை நிஜத் தரவென்று எடுத்து ஆராய்ச்சி செய்துவிடக் கூடாது.

வாசகர், திருநெல்வேலி: சீரற்ற எண்கள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதற்காக ‘செட்.சீட்’ 42 என்று போட்டு, இருவரும் ‘சாம்பிள்’ கட்டளையை ஓட்டினோம். என் கணினியில் ஒன்று, நண்பர் கணினியில் வேறு வருகிறது.

ஆர் பதிப்பு எண்களைப் பாருங்கள். 2019-இல் வந்த 3.6.0 பதிப்பில் ‘சாம்பிள்’ எண் பொறுக்கும் வழியை மாற்றினார்கள். ஒருவரிடம் அதற்கு முந்தைய பதிப்பு இருந்தால் விடை ஒத்துப்போகாது. இரண்டும் புதியவை என்றால், செட்.சீடுக்கும் சாம்பிளுக்கும் நடுவில் ஒருவர் கூடுதலாக ஏதாவது ஓர் எண்ணை உருவாக்கியிருப்பார்.

சாம்பிளில் இன்னொரு பொறியும் உண்டு. மாவட்டவாரியாகப் பிரித்து வயதுகளை எடுக்கிறீர்கள். ஒரு மாவட்டத்தில் ஒரே ஆள், வயது 67. சாம்பிள் அந்த 67-ஐத் திருப்பித் தராது, 1 முதல் 67 வரை ஏதோ ஓர் எண்ணைத் தரும். பிழைச் செய்தியும் வராது. மதிப்புகளை நேரடியாகக் கொடுக்காமல், ‘சாம்பிள்.இன்ட்’ மூலம் வரி எண்ணைப் பொறுக்கி, அந்த வரியின் மதிப்பை எடுங்கள்.