கேட்டால் தேய்ந்துவிடுமா?

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. காலையில் சவரம் செய்யும்போது அவர் ஒரே பாட்டைத்தான் முணுமுணுப்பார். பழைய சினிமாப் பாட்டு. பல்லவி மட்டும் வார்த்தையோடு வரும். அடுத்து வரும் வயலினை "ததாரீ ததாரீ" என்று வாயாலேயே வாசிப்பார். இரண்டாம் சரணம் அவருக்குத் தெரியாது. அந்த இடம் வந்தால் மறுபடி பல்லவிக்குப் போய்விடுவார்.

அவர் போனபிறகு அந்தப் பாட்டை நான் போட்டதே இல்லை. போன மாதம் பேருந்தில் யாருடைய கைபேசியிலிருந்தோ அது ஒலித்தது. பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே சவர நுரையின் வாசனை வந்துவிட்டது. என்னால் உட்கார முடியவில்லை. அன்று இரவே அந்தப் பாட்டைத் தேடி எடுத்தேன், ஆனால் போட மனம் வரவில்லை. அடிக்கடி கேட்டால் இதுவும் வெறும் பாட்டாகிவிடுமோ என்று பயம். கல்லூரி நாட்களில் உயிராக இருந்த பாட்டுகள் அப்படித்தான் ஆகிவிட்டன. இப்போது கேட்டால் ஒன்றுமே வருவதில்லை.

இதைக் கேட்காமலே வைத்திருப்பதுதான் நல்லதா? என் எட்டு வயது மகனுக்குப் போட்டுக் காட்டலாமா? அம்மாவிடம்கூட இதைப் பற்றி நான் பேசியதில்லை.

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கல்லூரிக் காலத்துப் பாட்டுகளை நீங்கள் அதன் பின்னும் விட்டிருக்க மாட்டீர்கள். பயணத்தில், வேலைக்கு நடுவில், தூங்கப்போகும் முன் என்று கேட்டுக்கொண்டே இருந்திருப்பீர்கள். ஒரே பாட்டில் பல காலங்கள் வந்து ஒட்டிக்கொண்டால் எந்தக் காலமும் தனியாக எழுந்து வராது. நினைவைத் தூண்டும் ஒரு குறிப்போடு எத்தனை விஷயங்கள் சேர்கின்றனவோ அந்த அளவுக்கு அதன் வலு குறையும் என்பதை உளவியலாளர்கள் 1970களிலேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு காலத்தில் ஓயாமல் கேட்டு, பிறகு அப்படியே கைவிட்டுப்போன பாட்டுதான் அந்தக் காலத்தை முழுசாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 'உங்கள் பொற்காலப் பாடல்கள்' என்று செயலிகள் தாமாகவே தொகுத்து நாள் முழுக்க ஓடவிடுவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணமும் இதுதான்.

பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே வாசனை வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 1999ல் வெளியான ஓர் ஆய்வில், பிரபலமான பாட்டுகளிலிருந்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெட்டியெடுத்துக் கேட்கவிட்டார்கள். பாட்டுகளின் பெயர்களைக் கையில் கொடுத்து, எது எந்தப் பாட்டு என்று பொருத்தச் சொன்னார்கள். வெறும் ஊகத்தில் கிடைப்பதைவிடக் கேட்டவர்கள் நன்றாகவே பொருத்தினார்கள். அவ்வளவு சின்னத் துணுக்கில் மெட்டும் கிடையாது, வார்த்தையும் கிடையாது. இருப்பதெல்லாம் அந்த ஒலிப்பதிவுக்கே உரிய நாதம். அதே மெட்டை வேறொருவர் பாடிக் கேட்கும்போது பல நேரம் மனது அசையாமல் இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் பெட்ர் ஜனாட்டா என்ற ஆய்வாளர், கல்லூரி மாணவர்களுக்கு அவர்களுடைய பால்ய, பதின்பருவப் பாட்டுகளின் துணுக்குகளைப் போட்டுக்காட்டினார். சராசரியாகப் பத்துக்கு மூன்றுதான் சொந்த நினைவு எதையாவது கிளப்பின. அதனால் மௌனமாகிவிட்ட பாட்டுகளுக்காக நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். 2009ல் அவரே மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதி இசையின் சுரப்போக்கைப் பின்தொடர்ந்தபடியே, சொந்த வாழ்வோடு நெருங்கிய பாட்டுகளுக்குக் கூடுதலாக இயங்குவதைக் கண்டார். நம்மைப் பற்றி நாமே நினைக்கும்போது வேலை செய்கிற பகுதியும் அதுதான். பாட்டு நகர நகர நம் வாழ்க்கையும் கூடவே நகர்ந்து வருவதுபோலத் தோன்றுகிறதே, அதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

ஆனால் கேட்காமல் வைத்திருந்தால் நினைவு பத்திரமாக இருக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2000த்தில் கரீம் நாடர், ஜோசப் லடூ என்ற மூளை ஆய்வாளர்களும் மற்றொருவரும் சேர்ந்து செய்த எலிச் சோதனையைப் பாருங்கள். ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்சுவதற்கு எலிகளைப் பழக்கினார்கள். பிறகு அந்த ஒலியை மீண்டும் கேட்கச்செய்து, உடனே மூளையின் குறிப்பிட்ட இடத்தில், நினைவு நிலைக்கத் தேவையான புரதம் உருவாவதைத் தடுத்தார்கள். பழைய அச்சம் பெரிதும் போய்விட்டது. நினைவு எழும்போது இளகுகிறது, திரும்ப இறுகித்தான் நிலைக்கிறது. எலியின் அச்சத்திலிருந்து உங்கள் அப்பாவுக்கு நேராகத் தாவ முடியாது, தெரியும். ஆனாலும் நீங்கள் பாட்டைத் தொடாவிட்டாலும் அவரை நினைத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அந்தக் காலைப்பொழுது கொஞ்சம் மாறும். பாட்டைப் பூட்டிவைப்பதால் அதைத் தடுக்க முடியாது.

இன்னொன்று. உங்களுக்கு உரியது அந்த ஒலிப்பதிவில் இல்லவே இல்லை. அதில் உள்ள பாட்டுக்கு இரண்டாம் சரணம் உண்டு, உங்கள் அப்பாவின் பாட்டுக்குக் கிடையாது. அதில் வயலினை வயலின்தான் வாசிக்கிறது. நீங்கள் அதைப் போடும்போது இரண்டும் ஒன்றாக ஒலிக்காது, இரண்டாம் சரணம் தொடங்குகிற இடத்தில் அவர் விலகிப்போய்ப் பல்லவியில் நிற்பார். அந்த வேறுபாடு உங்கள் காதில் இருக்கும்வரை அது வெறும் பாட்டாகாது. அதனால் தாராளமாகக் கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். வேறு வேலையின் பின்னணியில் மட்டும் ஓடவிடாதீர்கள், அலாரமாகவோ அழைப்பொலியாகவோ வைக்காதீர்கள். கேட்கிற நேரத்தில் அதை மட்டும் கேளுங்கள்.

மகனுக்கு அவசியம் போட்டுக்காட்டுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2013ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இருபது வயதை ஒட்டியவர்களுக்குத் தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளோடும் சொந்த நினைவுகளும் பிரியமும் இருப்பது தெரியவந்தது. வீட்டில் காதில் விழுந்துகொண்டே இருந்ததால் வந்த சொத்து அது. ஆனால் ஒலிப்பதிவைப் போடும் முன் நீங்களே பாடிக்காட்டுங்கள், அப்பா பாடிய மாதிரி, "ததாரீ"யோடு.

அதற்கும் முன்னால் அம்மாவிடம் பேசிவிடுங்கள். அந்த முணுமுணுப்பை உங்களைவிட அதிக காலம் கேட்டவர் அவர். எந்த இடத்தில் அப்பா பல்லவிக்குத் திரும்புவார் என்று கேளுங்கள், பாடிக்காட்டச் சொல்லிக் கைபேசியில் பதிந்து வையுங்கள். நீங்கள் நினைத்திருப்பதும் அவர் பாடுவதும் வேறாக இருக்கலாம். இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்