அடியைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: பழைய சின்ன கார்கள்

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டு வலி. ஊருக்குள் ஓட்டம்தான் அதிகம், மாதம் இரண்டு முறை சிதம்பரம் போவோம். 2016 வேகன்ஆர், 2017 கிராண்ட் ஐ10, 2019 டியாகோ என மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறோம். எல்லாமே பெட்ரோல், விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. எதை எடுக்கலாம்?
– வி.எஸ்., லாஸ்பேட்டை

பதில்: முதலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றிலும் உட்காரச் சொல்லுங்கள். முன் சீட்டிலும் பின் சீட்டிலும் இரண்டிரண்டு முறை ஏறி இறங்கட்டும். மூட்டு வலிக்காரருக்கு உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் பாடு. சீட்டு முழங்காலுக்குக் கீழே போனால், கதவைப் பிடித்துத் தொங்கித்தான் எழ வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் வேகன்ஆரை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது. சீட்டும் உயரம், கூரையும் உயரம்.

ஆனால் 2019-க்கு முந்தைய வேகன்ஆரின் அகலம் 1,500 மி.மீ.க்கும் குறைவு. பின்னால் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து சிதம்பரம் போய் வந்தால் நடுவில் இருப்பவர் அடுத்த தடவை பஸ்ஸில் வருகிறேன் என்பார். டிக்கியும் 180 லிட்டர்தான். 2019-ல் வந்த புது வடிவ வேகன்ஆர் இந்த இரண்டு குறையையும் தீர்த்தது; அதன் டிக்கி 341 லிட்டர். பட்ஜெட்டில் அது கிடைத்தால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

கிராண்ட் ஐ10-ல் 4 சிலிண்டர் 1.2 லிட்டர் இன்ஜின். மற்ற இரண்டிலும் 3 சிலிண்டர், சிக்னலில் நிற்கும்போது அதிர்வு தெரியும். கிராண்ட் ஐ10-க்கு டிக்கி 256 லிட்டர், டியாகோவுக்கு 242. கிராண்ட் ஐ10-ல் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஸ்டீயரிங்கை இடம் வலமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் பவர் ஸ்டீயரிங் மோட்டாரில் இருக்கும் சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கலாம். பொருள் விலை கம்மி, கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம். அதற்காக வண்டியை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை. விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு என்று பார்த்தால் டியாகோ முந்துகிறது. 2020-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், 2 ஏர்பேக் உள்ள டியாகோ பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 4 ஸ்டார் வாங்கியது. உங்கள் வண்டியில் எத்தனை ஏர்பேக் என்று கேளுங்கள். 2019 ஜூலை 1 முதல்தான் எல்லா கார்களிலும் டிரைவர் ஏர்பேக்கும் ரிவர்ஸ் சென்சாரும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டிகளில் விலை குறைந்த கீழ் வேரியண்ட் என்றால் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். '2019 மாடல்' என்பது ஜனவரியாகவும் இருக்கலாம், டிசம்பராகவும் இருக்கலாம்.

எங்கள் கணிப்பு: ஐந்து பேர் என்பதால் பழைய வேகன்ஆரை ஒதுக்குங்கள். மற்ற இரண்டுக்குள் கம்பெனிப் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். புதுசாக இருந்தபோது அவற்றுக்குள் இருந்த வித்தியாசத்தைவிட, ஏழெட்டு வருஷம் இந்தக் கடற்கரையில் நின்ற பிறகு உள்ள வித்தியாசம் பெரிது. இரண்டையும் லிஃப்டில் ஏற்றி அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். எதன் அடி சுத்தமோ அதை எடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஐந்து பேரையும் ஏற்றி, ஏ.சி. போட்டு, குறைந்தது 10 கி.மீ. போங்கள். புதுச்சேரியில் மேடு ஏது? ரயில்வே மேம்பாலம் ஒன்றில் 2-வது கியரில் ஏற்றிப் பாருங்கள், ஆர்.பி.எம். மட்டும் ஏறி வண்டி இழுக்காவிட்டால் கிளட்ச் முடிந்தது.

கேள்வி: அடியில் துரு பார்க்க வேண்டும் என்கிறார்கள். துரு இல்லாத வண்டி நம் ஊரில் உண்டா? எந்தத் துருவை விடலாம், எதை விடக் கூடாது?
– ஜி.எம்., தேவனாம்பட்டினம்

பதில்: சரியான கேள்வி. சைலன்ஸரில் துரு, மழைக்கு அடுத்த நாள் பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்புப் பூச்சு, நட்டு போல்ட் தலையில் துரு, இவற்றையெல்லாம் மறந்துவிடுங்கள். முதல் நாலு பிரேக்கிலேயே டிஸ்க் பளபளக்கும்.

விடக் கூடாதது வண்டியின் எலும்பில் பிடிக்கும் துரு. சஸ்பென்ஷன் லோயர் ஆர்ம் மாட்டியிருக்கும் இடம், இன்ஜினைத் தாங்கும் சப்-ஃபிரேம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரியும் ஷாக் அப்சார்பர் மேல்மூடி, பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்கள். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் இந்த இடங்களைத் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். உள்ளே தின்னப்பட்ட தகடு 'பொத்' என்று மௌனமாகும், பொருக்கும் உதிரும். அப்படி ஓரிடம் கண்டால் அந்த வண்டி வேண்டாம். வெல்டு வைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

கதவின் அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். மணலும் இலையும் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும், துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயிண்டில் கொப்புளம் தெரிகிற அன்று உள்ளே பாதி போயிருக்கும்.

அடி முழுக்கப் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சு அடித்த வண்டியைப் பார்த்தால் மயங்காதீர்கள். துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் அது மூடி போட்ட பாத்திரம் மாதிரி ஈரத்தை உள்ளே வைத்துக்கொள்ளும். பில் கேளுங்கள், எப்போது, எங்கே, சுத்தம் செய்துவிட்டு அடித்தார்களா என்று கேளுங்கள்.

கடலோர வண்டிக்கு ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் ஒரு பலவீனம். முன் கிரில்லுக்குப் பின்னால் இருப்பதால் உப்புக் காற்று நேரே அதில்தான் படும். டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் தொட்டால் பொடியாக உதிர்ந்தால், இன்று கேஸ் நிரப்பினாலும் சில மாதத்தில் கசியும். நண்பகல் வெயிலில் வண்டியை நிறுத்தியபடியே ஏ.சி.யை 10 நிமிடம் ஓடவிடுங்கள். வண்டி ஓடும்போது குளிர்ந்து, நின்றால் மட்டும் சூடான காற்று வந்தால் கண்டென்சரையோ ஃபேனையோ சந்தேகப்படலாம்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் மூழ்கிய வண்டிகளைச் சுத்தம் செய்து விற்கிறார்களாமே. எப்படிக் கண்டுபிடிப்பது?
– பி.ஆர்., செம்மண்டலம்

பதில்: பயம் நியாயமானது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கமும் தண்ணீர் புகுந்தது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் எத்தனையோ. முந்தைய வருஷ மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற சென்னை வண்டிகளும் நம் பக்கம் வரும்.

வாட்டர் சர்வீஸும் சாம்பிராணி வாசனையும் மேலே உள்ளதைத்தான் மறைக்கும். நீங்கள் அவர்கள் கை போகாத இடத்தைப் பாருங்கள்.

சீட் பெல்ட்டை முழுசாக, இனி வராது என்னும் வரை இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் கதை முடிந்தது. பெல்ட்டைத் துவைத்தாலும் அந்தக் கடைசிப் பகுதி மறந்துபோகும். முன் சீட்டை முன்னும் பின்னும் தள்ளி அடியில் தண்டவாளத்தையும் போல்ட்டையும் பாருங்கள். வண்டிக்குள்ளே இருக்கும் சீட் போல்ட் துருப்பிடிக்க வேறு காரணம் அதிகம் இல்லை. டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து குழியின் மூலையில் விரலை விடுங்கள், வண்டல் இருந்தால் நறநறக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு வயர் கப்ளர்களைப் பாருங்கள். பின்னில் பச்சைப் பூசணம் பூத்த மாதிரி இருந்தால் தண்ணீர் அவ்வளவு உயரம் வந்திருக்கிறது. இதற்கெல்லாம் விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்.

அடுத்து ஏர்பேக் விளக்கு. ஏர்பேக்கை இயக்கும் கம்ப்யூட்டர் பல கார்களில் இரண்டு முன் சீட்டுக்கு நடுவில், தரையை ஒட்டி இருக்கிறது. முழங்கால் தண்ணீரிலேயே அது கெடும். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம்: கோளாறு தெரியாமல் இருக்க விளக்கையே துண்டித்திருக்கலாம்.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தால் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சி, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்திருக்கும் வாய்ப்பு உண்டு. லேசான வளைவு அன்றே வண்டியை நிறுத்தாது. ஆயில் குடிக்கும், தட்டும் சத்தம் வரும், பிறகொரு நாள் நிற்கும். அதனால் இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நீலப் புகை ஆயில் எரிவது. விடாத வெள்ளைப் புகை கூலன்ட் எரிவது.

கடைசியாக ஒரு காகிதச் சோதனை. இன்ஷூரன்ஸ் பாலிசி நகலில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி, எவ்வளவு என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருஷம் போனால் அது 50 சதவீதம் வரை ஏறியிருக்கும். பழைய வண்டி, ஒரே ஓனர், பாலிசி விடுபடவும் இல்லை, ஆனாலும் வெள்ளத்துக்கு அடுத்த வருஷப் பாலிசியில் 0 என்றால் எதற்காகக் கிளெய்ம் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: மீட்டர் 38,000 காட்டுகிறது. நம்பலாமா? வண்டி 2015 ஆல்டோ 800.
– டி.கே., நெல்லிக்குப்பம்

பதில்: டயரைக் கேளுங்கள், அது சொல்லும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ன் 23-வது வாரம். 38,000 நிஜமென்றால் பிறந்தபோது போட்ட டயரோ, வயதாகி ஒரு முறை மாற்றிய டயரோதான் இருக்க வேண்டும். மூன்றாவது செட் என்றால் கணக்கு உதைக்கிறது. கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருப்பதும் பொய் சொல்லாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து, ஓனர் மூலம் பழைய சர்வீஸ் பதிவைக் கேட்கச் சொல்லுங்கள்.

அந்த ஆல்டோ 800-ல் இன்ஜின் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட் என்னும் ரப்பர் பட்டை. பழைய 1.1 லிட்டர் ஐ10-லும் அதுதான். மாற்றிய பில் இல்லையென்றால், மீட்டர் என்ன சொன்னாலும் சரி, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். ரப்பருக்கு ஓட்டத்தோடு வயதும் கணக்கு. 1 லிட்டர் ஆல்டோ கே10, 1.2 லிட்டர் ஐ10 இரண்டிலும் பெல்ட்டுக்குப் பதில் செயின் என்பதால் இந்தக் கவலை இல்லை.

கேள்வி: புதுச்சேரி நம்பர் வண்டி கடலூரைவிட மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி அப்படியே ஓட்டலாமா? 12 மாதம் வரை கேட்க மாட்டார்கள் என்கிறார் புரோக்கர்.
– எஸ்.ஏ., திருப்பாதிரிப்புலியூர்

பதில்: புரோக்கர் பாதிச் சட்டம் சொல்கிறார். 12 மாதம் என்பது வேறு மாநிலத்துக்குக் கொண்டுவந்த வண்டிக்குப் புது எண் வாங்கும் கெடு. நீங்கள் வாங்குபவர், உங்கள் முகவரி தமிழ்நாடு. வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு உங்கள் ஆர்.டி.ஓ.விடம்தான் போக வேண்டும்.

அதற்கு விற்பவர் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையில் படிவம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கித் தர வேண்டும். கடனில் எடுத்த வண்டியென்றால் அதற்கும் முன்பாக வங்கியின் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். பிறகு இங்கே படிவம் 29, 30 பெயர் மாற்றத்துக்கும் 27 புது எண்ணுக்கும். இவற்றோடு தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி. வண்டியின் வயதையும் விலையையும் வைத்துக் கணக்கிடுவார்கள். PY (புதுச்சேரி) நம்பர் வண்டியின் மலிவு பெரும்பாலும் இந்த வரியில்தான் கரையும். முன்பணம் கொடுக்கும் முன்பே கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. நகலைக் காட்டி வரி எவ்வளவு என்று கேட்டு, வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டியும் கடலூரின் TN-31 நம்பர் வண்டியைவிடக் குறைந்தால் தாராளமாக வாங்கலாம். என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: செவர்லே பீட் ஒன்று ஒன்றேகால் லட்சத்துக்கு வருகிறது. ஃபோர்டு ஃபிகோவும் மலிவு. வாங்கலாமா?
– எம்., அரியாங்குப்பம்

பதில்: செவர்லே 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் இங்கே உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஃபிகோ ஓட்டுவதற்கு நல்ல வண்டி. தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் யோசிக்கலாம். பீட் வேண்டாம். ஆயில் ஃபில்டரும் பிரேக் பேடும் கிடைத்துவிடும். ஒரு ஹெட்லைட் உடைந்தால்தான் அலைச்சல் தெரியும். எதுவானாலும் திரும்ப விற்கும்போது உங்களுக்கும் இதே மலிவு விலைதான்.

கேள்வி: மாதம் 600 கி.மீ. ஓட்டம். பழைய ஸ்விஃப்ட் டீசல் வாங்கினால் மிச்சமா?
– கே.வி., பண்ருட்டி

பதில்: இல்லை. 600 கி.மீ.க்கு டீசலில் மிச்சமாகும் பணத்தை, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் வரும் ஒரு வேலை விழுங்கிவிடும். மாதம் 1,500 தாண்டினால் மறுபடி கேளுங்கள்.