வங்கித் தளம் திறக்காத மடிக்கணினியைத் தூக்கிப் போட வேண்டுமா?

கேள்வி: நான் திருவல்லிக்கேணியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2012-இல் வாங்கிய என் மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருக்கிறது. ஐ3 செயலி, 4 ஜிபி ராம். சில மாதங்களாக வங்கித் தளத்துக்குள் நுழைய முடியவில்லை. உலாவி மிகப் பழையது என்று திரையில் வருகிறது. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் 3,500 ரூபாய்க்கு விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகவும், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டால் 300 ரூபாய் கழித்துக்கொள்வதாகவும் சொல்கிறார். மகனோ புதிது வாங்கச் சொல்கிறான். கோயில் உற்சவ அழைப்பிதழ்களைப் பேஜ்மேக்கரில் நான்தான் வடிவமைத்துக் கொடுக்கிறேன் என்பதால் இந்தக் கணினியை விட மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: புதிது வாங்கத் தேவையில்லை. அந்தக் கடைக்காரர் சொல்வதற்கும் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கணினியில் எந்தப் பாகமும் பழுதாகவில்லை. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் குரோம் உலாவி அதில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு அதுவும் நின்றுபோனது. வங்கித் தளம் உங்கள் உலாவியின் பதிப்பு எண்ணைப் பார்த்துத்தான் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. ஆனால் எதற்கும் ஒருமுறை திரையின் மூலையில் தெரியும் தேதியைச் சரிபாருங்கள். அது பல ஆண்டுகள் பின்னால் இருந்தால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். கணினியின் தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றி, எந்த முக்கியமான தளமும் திறக்காது. அந்தப் பேட்டரியின் விலை மிகக் குறைவு. இதே கோளாறுக்கு முழு விண்டோஸையும் மாற்றிக் காசு வாங்கும் கடைகள் உண்டு.

இனி விண்டோஸ் 11 பற்றி. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் விதி. எட்டாம் தலைமுறை 2017-இல்தான் வரத் தொடங்கியது. உங்களுடையது அதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தையது. சோதனையைத் தாண்டிச் செல்லும் குறுக்கு வழிகள் இருக்கின்றன, கடைக்காரர் அவற்றில் ஒன்றைத்தான் செய்யப் போகிறார், அன்றைக்குக் கணினியும் இயங்கத்தான் செய்யும். ஆனால் தகுதியில்லாத கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. ஆண்டுதோறும் வெளியாகும் புதிய பதிப்பும் அதற்குத் தானாக வந்து சேராது. வீட்டுப் பயன்பாட்டுக்கான ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு இரண்டு ஆண்டுகள்தான் என்பதால், அது முடிந்ததும் நீங்கள் மீண்டும் அதே கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கும். 4 ஜிபி ராமில் அது எவ்வளவு மெதுவாக ஓடும் என்பது தனி வேதனை. சரி, விண்டோஸ் 10 போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், அதற்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து அந்த 3,500 ரூபாய்க்குள் ஒளிந்திருக்கிறது. உரிமத்துக்குப் பணம் கட்டாமல் விண்டோஸ் போடும் கடைகள் ஆக்டிவேட்டர் என்ற சிறு நிரலை ஓட்டுகின்றன. அது ஓடுவதற்கு வைரஸ் தடுப்பை அணைக்க வேண்டும். "ஆன்டிவைரஸ் கத்தும் சார், கண்டுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்வார்கள். யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாத ஒரு நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிட்டு, அதே கணினியில் நீங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யப் போகிறீர்கள். விண்டோஸ் 7-ஐ அப்படியே வைத்துக்கொண்டு வைரஸ் தடுப்புச் சந்தா மட்டும் வாங்கலாம் என்று வேறொருவர் சொல்லுவார். அதையும் நம்ப வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை தாக்குதலுக்கு உரிய திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் விண்டோஸ் 7 வைத்திருந்தவர்கள். இன்று அந்த விண்டோஸுக்குப் போடுவதற்குத் திருத்தமே வருவதில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு 300 ரூபாய் கழிப்பதாகச் சொன்னாரே, அதைப் படித்தபோதுதான் எனக்கு மிகுந்த கவலை ஏற்பட்டது. அந்த டிஸ்க்கில் உங்கள் பான் அட்டை, ஆதார், பாஸ்புக் பக்கங்கள், ஓய்வூதிய ஆணை, குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் இருக்கும். அழித்துவிட்டாலும், விரைவு ஃபார்மேட் செய்துவிட்டாலும், மீட்பு மென்பொருள் வைத்திருப்பவர் அவற்றில் பெரும் பகுதியை வெளியே எடுத்துவிடுவார். எந்தக் கடையில் எந்த வேலைக்குக் கொடுத்தாலும், டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மீதியை மட்டும் கொடுங்கள். டிஸ்க்கிலேயே வேலை இருக்கிறது என்றால் அது முடியும்வரை அருகிலேயே உட்கார்ந்திருங்கள். "வெச்சிட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்றால் கணினியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) ஒன்றைப் போடுங்கள். 240 அல்லது 256 ஜிபி தாராளம். பழைய மடிக்கணினியின் மந்தம் பெரும்பாலும் சுழலும் டிஸ்க்கின் மந்தம்தான், ஆகவே இந்த ஒரு மாற்றத்திலேயே வேகம் கண்கூடாகத் தெரியும். முடிந்தால் ராமையும் 8 ஜிபி ஆக்குங்கள். உங்களுடையது டிடிஆர்3 வகை, டிடிஆர்4 அதில் பொருந்தாது. உள்ளே இருக்கும் ராமின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் தவறானதைத் தலையில் கட்ட முடியாது. பிறகு அந்த எஸ்எஸ்டியில், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை நிறுவுங்கள். அது இலவசம், 2029 வரை திருத்தங்கள் வரும், ஃபயர்பாக்ஸ் உலாவி அதிலேயே இருக்கிறது. நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா, உங்கள் வங்கித் தளம் திறக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். லிப்ரே ஆஃபிஸில் கடிதம் எழுதலாம். தமிழ்99 விசைப்பலகையோ பழைய தட்டச்சு விசைப்பலகையோ உங்களுக்குப் பழக்கமானதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் என்றதும் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பொதுப் பணத்தில் உருவாக்கியது அது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு அதை அனுப்பிய பின்னும், அரசுத் துறைகளின் படிவ மென்பொருள்களும் டிஜிட்டல் கையெழுத்துக் கருவிகளும் விண்டோஸை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டு வந்திருக்கின்றன. சில தளங்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் திறக்கவே மாட்டோம் என்று பல ஆண்டுகள் அடம்பிடித்தன. நல்ல நிலையில் ஓடும் கணினியை ஓய்வூதியதாரர் ஒருவர் குப்பையில் போட வேண்டிய நிலைக்கு இந்த அலட்சியமும் ஒரு காரணம் என்பதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பார் இல்லை.

இப்போது பேஜ்மேக்கருக்கு வருகிறேன். இதற்காக மட்டும் விண்டோஸ் 7-ஐ நீங்கள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இணையத்திலிருந்து அதை முழுமையாகப் பிரித்துவிட வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. அதில் நீங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரிவது அதனால்தான். ஆகவே அந்த விண்டோஸ், அந்த எழுத்துருக்கள், டாங்கிள் (மென்பொருள் ஓடுவதற்காகச் செருகும் உரிமச் சாவி) இருந்தால் அதுவும், எல்லாம் உள்ளபடியே இருக்கட்டும்.

லினக்ஸையும் இந்த விண்டோஸையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. 2012 மடிக்கணினியில் டிவிடி டிரைவ் இருக்கும். நீங்கள் அதைப் பயன்படுத்தியே பல காலம் ஆகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் ஹார்ட் டிஸ்க் கேடி என்ற சட்டத்தில் பழைய டிஸ்க்கைப் போடலாம். 9.5, 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமன்களில் கிடைக்கும், அளந்து பார்த்து வாங்குங்கள். லினக்ஸ் நிறுவும்போது பழைய டிஸ்க் கணினிக்குள் இருக்கவே கூடாது. ஒரு தவறான சொடுக்கில் பல ஆண்டு அழைப்பிதழ்கள் போய்விடும். நிறுவி முடித்த பிறகு உள்ளே போட்டு, கணினியைத் தொடங்கும்போது எஃப்12 அல்லது உங்கள் கணினிக்குரிய வேறு விசையை அழுத்தி, எந்த டிஸ்க் வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். சில மடிக்கணினிகள் கேடியில் உள்ள டிஸ்க்கிலிருந்து தொடங்க மறுக்கும். அப்போது எஸ்எஸ்டியைக் கேடியிலும் பழைய டிஸ்க்கை அதன் சொந்த இடத்திலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் திறந்ததும் முதல் வேலையாக டிவைஸ் மேனேஜரில் வைஃபை, நெட்வொர்க் இரண்டையும் முடக்கிவிடுங்கள்.

அழைப்பிதழை பிடிஎஃப் ஆக்கியபின் லினக்ஸில் நுழைந்தால், அங்கிருந்தே விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்து அந்தக் கோப்பை எடுத்து அச்சகத்துக்கு மின்னஞ்சல் செய்யலாம். அச்சகத்திலிருந்து வரும் பென் டிரைவை விண்டோஸ் 7-இல் நேரடியாகச் செருகாதீர்கள். பல கணினிகளைச் சுற்றிவரும் அத்தகைய பென் டிரைவ்களில்தான் கோப்புகளை எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாற்றிவிடும் வைரஸ்கள் பரவுகின்றன. முதலில் லினக்ஸில் செருகி, தேவையான கோப்பை மட்டும் நகல் எடுங்கள்.

நேரம் கிடைக்கும்போது, பழைய அழைப்பிதழ்களில் மீண்டும் மீண்டும் பயன்படும் வாசகங்களை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் ஒருமுறை முழுவதும் மெய்ப்புப் பார்க்க வேண்டும், ஏனெனில் சில எழுத்துருக்களில் ரகரமும் துணைக்காலும் இடம் மாறி வந்துவிடும். எந்த எழுத்துரு என்று மாற்றி கேட்கும். பேஜ்மேக்கரில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருவின் பெயர் தெரியும். அதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.