நாலாம், ஐந்தாம் இடைவெளி குழம்பினால்

இரண்டு சுரங்களைக் கேட்டு அவற்றுக்கு இடையிலான தூரத்தை (இடைவெளியை)க் கண்டுபிடிக்கும் காதுப் பயிற்சிச் செயலியில், பன்னிரண்டு இடைவெளிகளையும் ஒரே பயிற்சியில் போட்டு, ச-ம (நாலாம்) எது, ச-ப (ஐந்தாம்) எது என்று பிரிக்கவே முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் காதில் குறையில்லை, அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். இந்த இரண்டை மட்டும் (ச-ம 5 செமிடோன், ச-ப 7 செமிடோன்; செமிடோன் என்பது கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்) டிக் செய்து, ஏறுவரிசையில், தொடக்கச் சுரத்தை மாற்றாமல் வையுங்கள். இரண்டு சுரமும் சேர்ந்தொலிக்கும் வகையை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், ஏனென்றால் ப-விலிருந்து மேல் ச-வுக்குப் போனால் அதுவும் நாலாம் இடைவெளிதான், கீழ்ச் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி ஒன்றைக் கவிழ்த்தால் மற்றது வந்துவிடும், குழப்பமே அங்கேதான். பதிலை அழுத்தும் முன் கண்டிப்பாகப் பாடிப் பாருங்கள்: ச-விலிருந்து ரி, க, ம என்று படிப்படியாக ஏறினால் குரல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். டைமர் இருந்தால் அணைத்துவிடுங்கள். பத்துக்கு ஒன்பது சரியாக வந்தபின் தொடக்கச் சுரத்தை ரேண்டமாக்குங்கள், அப்புறம் இறங்குவரிசை, அதுவும் பிடிபட்டால் நடுவிலுள்ள 6 செமிடோனைச் சேருங்கள்.